காவடித் தோள், சிங்கக் கால்

ரூபாவை எப்போதும் பின்வரிசையில்தான் நிறுத்துவார்கள். ரங்கூனில் மேடைப் பாடகர்களுக்குப் பின்னால் ஆடுகிற பெண்களில் அவளும் ஒருத்தி. கராவோக்கே படங்களிலும் ஆடியிருக்கிறாள். பாடகியின் தோளுக்கு மேலே ஒரு கையும் பாதி முகமும் தெரிந்தால் அது பெரும்பாலும் ரூபாதான்.

அந்த வருஷம், அதாவது 2009-இல், சீனப் புத்தாண்டுக்கு லான்மடாவில் ஒரு உணவகத்தில் பெரிய நிகழ்ச்சி. ஆட்டக்காரிகளைத் தேர்ந்தெடுத்த கோ அவுங் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ வேண்டாம்மா. சீனப் பொண்ணுக மாதிரி இல்லை. கறுப்பு" என்றான். அதே ஆள், தீபாவளி சமயத்தில் ஒரு இந்தியப் பாட்டுக்கு ஆள் பார்த்தபோது, "இதுக்குப் பெரிய கண்ணு வேணுமே. உன் கண்ணைப் பாரு, கோடு போட்ட மாதிரி இருக்கு" என்றான். இரண்டு தடவையும் ரூபா சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள். வீட்டில் அதை ஒரு வேடிக்கை மாதிரிச் சொன்னாள். அப்பா சொக்கன் லேசாகச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு மகளின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

சொக்கன் போட்டாதாங் படகுத்துறையில் ஒரு கிட்டங்கியில் சரக்குக் கணக்கப்பிள்ளை. செட்டியார் கடைகளெல்லாம் மூடி எல்லோரும் கப்பலேறியபோது, அவருடைய அப்பா மட்டும் ஏதோ பிடிவாதத்தில் இங்கேயே தங்கிவிட்டார். அம்மா, ரங்கூனில் சீனர்கள் வாழும் லத்தாவில் பிறந்த சீனத்தி. பெயர் லிம் சியூ லான். வீட்டில் சொக்கன் அவளை சியூ என்பார். ரூபா பர்மிய வழக்கப்படி 'அமே' என்பாள். இருவரும் கல்யாணம் செய்துகொண்டு முப்பது வருஷம் ஆகிறது. அந்த முப்பது வருஷத்தில் அமே பிறந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. லத்தாவுக்கும் போட்டாதாங்குக்கும் நடுவே பஸ்ஸில் கால்மணி நேரம்தான்.

வீட்டுப் பேச்சு பாதி பர்மியம், பாதி தமிழ். அமே தமிழ் பேசினால் எல்லாரையும் 'வா, போ' என்பாள், கோவில் பூசாரி உள்பட. அவள் வேகவைக்கும் பவுசி, உள்ளே கறியோ பயறோ வைத்த ஆவி பன், அக்கம்பக்கத்து டீக்கடைகளில் பெயர் பெற்றது. கோவிலில் ரூபாவைச் 'சீனத்தி மக' என்பார்கள். லத்தா கடைத்தெருவில் 'கலா மக' என்பார்கள். கலா என்றால் இந்தியாக்காரன். சொல்கிற குரலைப் பொறுத்து அது வசவும் ஆகும்.

நவம்பரில், மழை விட்டு வெயில் இதமாக இருந்த நாட்களில், கூட ஆடுகிற ஒரு பெண் ஒரு செய்தி கொண்டுவந்தாள். வெளிநாட்டுக் கலாசார நிலையம் ஒன்றில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு நடனக்காரி வந்திருக்கிறாள், நவீன நடனம் சொல்லித் தருகிறாள், காசு கிடையாது, மதியச் சாப்பாடும் உண்டு. சாப்பாடு என்றதும் நாலைந்து பேர் கிளம்பினார்கள். ரூபாவும் போனாள்.

கூடத்தில் வெறுங்காலோடு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்ததும் ரூபாவுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. தங்க முடியும் நீலக் கண்ணுமாக யாராவது இருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். இவளோ நல்ல கறுப்பு. அகன்ற மூக்கு, சுருட்டை முடி. அந்த முகத்தில் கண்கள் மட்டும் அமேயின் கண்கள்.

பெயர் மார்லின். நாற்பதை நெருங்கிய வயது. முத்துக்குளிப்புக்குப் பெயர்போன, ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலிருக்கும் ப்ரூம் என்ற ஊர்க்காரி. மொழிபெயர்க்க நிலையத்தைச் சேர்ந்த மா மியா என்ற பெண் பக்கத்திலேயே நின்றாள்.

"என் அப்பாவோட தாத்தா சீனாவிலிருந்து வந்தவர். முத்துப் படகுகளில் சமையல்காரர்" என்றாள் மார்லின். "அவர் சேர்ந்து வாழ்ந்தது அந்த மண்ணோட பழங்குடிப் பெண்ணோட. அப்போ அது சட்டப்படி குற்றம். போலீஸ் வந்தா அவர் பின்வாசல் வழியா ஓடுவாராம். என் அம்மாவும் பழங்குடிதான். நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது யாராவது 'நீ யார்'னு கேட்டா, கேக்கிறவங்க முகத்தைப் பார்த்து, எது சொன்னா விடுவாங்களோ அதைச் சொல்லுவேன்."

மா மியா இதைப் பர்மியத்தில் சொல்லி முடித்தபோது மற்றவர்கள் தலையாட்டினார்கள். ரூபா மார்லினையே பார்த்தாள். அடையாள அட்டை அலுவலகத்தில் 'என்ன இனம்' என்று கேட்டபோதெல்லாம் அவளும் அதைத்தான் செய்திருந்தாள்.

பிறகு மார்லின் ஆடினாள். பாட்டு இல்லை. குனிந்து எதையோ தேடுகிற கை, நிமிர்ந்தபோது மாவை மடிக்கிற கையாக இருந்தது. கடலைப் பார்த்து நிற்கிற முதுகு திடீரென்று கதவுக்குப் பின்னால் ஒளிகிற முதுகாயிற்று. ரூபா பார்த்த ஆட்டமெல்லாம் பார்ப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கும். இது யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனாலும் யாரும் கண்ணை எடுக்கவில்லை.

மூன்று வாரப் பயிற்சி. முடிவில் ஆளுக்கொரு சின்ன ஆட்டம் தாங்களே அமைத்து ஆடவேண்டும். பொது நிகழ்ச்சி என்றால் அரசாங்க அனுமதி கேட்டு அலையவேண்டும் என்பதால், நிலையத்துக்குள்ளேயே அழைத்தவர்கள் மட்டும் பார்ப்பதாக ஏற்பாடு.

ரூபா தயக்கத்தோடு மா மியாவைக் கூட்டிக்கொண்டு மார்லினிடம் போய்க் கேட்டாள். "நீங்க முதல் நாள் ஆடினீங்களே, அந்தக் கை. அதை நான் எடுத்துக்கலாமா?"

மார்லின் சிரித்தாள். "மாவு மடிக்கிறது வேணும்னா எடுத்துக்கோ, அது என் அத்தையோடது, அவ ஒண்ணும் சொல்லமாட்டா. மத்தது முடியாது. எங்க அம்மா ஊர்ல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சொந்தக்காரங்க இருக்காங்க. நானே கேட்டுத்தான் ஆடணும். சிலதை எனக்கே தரலை. ரத்தத்துல இருக்குங்கறதால எல்லாம் என்னோடது ஆயிடாது. உனக்கு என்ன ஆட்டம் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சது எல்லாம் பாடகிக்குப் பின்னால ஆடுறது."

"அதுக்கு முன்னால?"

ரூபா யோசித்தாள். அதற்கு முன்னால் இரண்டு இருந்தன. சின்ன வயதில் தைப்பூசத்தன்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு காவடிக்குப் பின்னால் ஆடியபடியே போனது ஒன்று. தோளில் காவடி அசங்காமல் இருக்க, கால்மட்டும் பூவின் மேல் வைப்பது மாதிரி வைத்து ஆடுவார்கள். இன்னொன்று, சீனப் புத்தாண்டில் லத்தா தெருவில் கூட்டத்துக்கு நடுவே நுழைந்து பார்த்த சிங்க ஆட்டம். பெரிய சிங்கத்தலையை மாட்டிக்கொண்டு ஆட்கள் முரசுக்கு ஆடுவார்கள். முழங்கால் மடங்கி, இடுப்பு தரையைத் தேடி, பாதம் ஓங்கி விழும் நடை. வீட்டுக்கு வந்து அதே மாதிரி நடந்து காட்டியபோது அமே ஒரு தடவை கையைப் பிடித்து, "இப்படி இல்லை, இன்னும் தாழ்ந்து" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே கோபித்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"இருக்கு" என்றாள் ரூபா.

"அப்போ போய்க் கேளு."

கோவிலில் கேட்பது சுலபமாக இருந்தது. தைப்பூசத்துக்குக் காவடிப் பாட்டுப் பாடுகிற குழந்தைவேலு மண்டபத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். சொக்கனோடு சின்ன வயதிலிருந்து பழக்கம். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுண்ணாம்பு விரலைத் தூணில் தடவினார்.

"மேடையிலயா ஆடப் போற?"

"ஆமா சித்தப்பா. சின்னக் கூடம்தான்."

"ஆடு. முருகன் என்ன, போட்டாதாங்குல பாதி பேருக்குத்தான் சாமியா? ஒண்ணு மட்டும். சாமி வந்த மாதிரி நடிக்காதே. வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நடிக்காதே."

லத்தாவில் அப்படி நடக்கவில்லை. அமேயின் அண்ணன் லிம் ஹோக், ஊதுபத்தியும் தங்கத்தாளும் சிவப்பு மெழுகுவர்த்தியும் விற்கிற கடை வைத்திருந்தார். அந்தத் தெருச் சங்கத்தின் சிங்க ஆட்டக் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். ரூபா அவரைத் தெருவில் பலதடவை பார்த்திருக்கிறாள், பேசியதில்லை. வீட்டில் சொல்லாமல், வேலைக்குப் போவதாகக் கிளம்பி, கடை வாசலில் போய் நின்றாள்.

"என்ன வேணும்?"

"ஆ கூ" என்று கூப்பிட்டாள். தாய்மாமனைச் சீனத்தில் அப்படித்தான் அழைக்கவேண்டும் என்று தெரியும். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. "நான் சியூ லான் மகள்."

ஊதுபத்திக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. பிறகு மறுபடி அடுக்கினார். ரூபா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பயிற்சி, மார்லின், சிங்க நடை, கேட்டுத்தான் ஆடவேண்டும் என்பது.

"சிங்கத்துக்குள்ளே ஆம்பிளைங்கதான் போகலாம். உன் அம்மாவுக்குத் தெரியுமே."

"சிங்கத்தைக் கேக்கலை. நடையைத்தான் கேக்கிறேன்."

"தலை இல்லாத சிங்க நடை குடிகாரன் நடை." அவர் நிமிர்ந்து முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு?"

"யாரும் இல்லை. தெருவில பார்த்தது. அமே ஒருதடவை 'இன்னும் தாழ்ந்து'ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான்."

மாமா கடைக்கு வெளியே பார்த்தார். தெருவில் ஒரு சைக்கா ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு போயிற்று. "உன் அம்மா முரசைத் தொட்டதுக்காக எங்க அப்பா அவளைப் பிரம்பால அடிச்சார். பத்து வயசு. அவ தாளம் என்னைவிடச் சுத்தமா இருந்தது, அதுதான் குத்தம்" என்றார். பிறகு குரல் மாறியது. "கேக்கணும்னா அவ வந்து கேக்கட்டும். நீ போ."

அன்று மாலை ரூபா அமேயிடம் சொல்லிவிட்டாள். அமே பவுசிக்கு மாவு உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"அவனா சொன்னான்? நான் வந்து கேக்கணும்னு?"

"ஆமா."

"எங்க அப்பா செத்தப்போ நான் போனேன். உனக்கு அப்போ பன்னிரண்டு வயசு, உன்னைப் பக்கத்து வீட்டில விட்டுட்டுப் போனேன். வாசல்ல வெள்ளைத்துணி கட்டியிருந்தது. நான் எதிர்ச்சாரியில நின்னேன். அவன் என்னைப் பார்த்தான். பார்த்துட்டு உள்ளே போயிட்டான். நான் போகமாட்டேன். நீ உன் அப்பா பக்கத்து ஆட்டத்தை மட்டும் ஆடு. போதும்."

சொக்கன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து படுத்துக்கொண்டார். அவரால்தான் இதெல்லாம் என்று அவர் நினைப்பது அவர் முதுகிலேயே தெரிந்தது.

ரூபா பயிற்சிக் கூடத்தில் இரண்டையும் சேர்த்து அமைத்துப் பார்த்தாள். கொஞ்சம் காவடி, கொஞ்சம் சிங்கம், மறுபடி கொஞ்சம் காவடி. அனுமதி கிடைக்காததை எடுக்கிறோம் என்ற உறுத்தல் வேறு. மார்லின் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் முகத்தைச் சுளிக்கவில்லை, பாராட்டவும் இல்லை.

"இது ஒரு ஆள் சட்டை மாத்தி மாத்திப் போடுற மாதிரி இருக்கு" என்றாள். "இப்போ நான் இது, இப்போ நான் அது. பார்க்கிறவங்களுக்காகச் செய்யற. நான் இருபது வருஷம் அப்படித்தான் ஆடினேன், அதனாலதான் கண்டுபிடிக்க முடியுது."

"பின்னே எப்படி?"

"எனக்குத் தெரியாது. உன் உடம்பு என்னோடது இல்லையே."

ரூபாவுக்குக் கோபம் வந்தது. நாளைக்கு வருவதில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் நிஜமாகவே போகவில்லை. வீட்டிலிருந்ததால், மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை அவளிடம் வந்தது.

படகுத்துறையில் ஐராவதி முகத்துவாரத்திலிருந்து வந்த அரிசிப் படகு ஒன்று நின்றது. படகுக்கும் கரைக்கும் நடுவே ஒற்றைப் பலகை. நீர் இறங்கியிருந்ததால் பலகை நல்ல சரிவாகக் கிடந்தது. கூலியாட்கள் மூட்டையோடு அதில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். சொக்கன் கையெழுத்து வேலையில் இருந்ததால் ரூபா தூக்குச்சட்டியோடு நிழலில் காத்திருந்தாள்.

முதலில் சும்மாதான் பார்த்தாள். பிறகு தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். முன்னால் வந்த ஆள் தாடிவைத்த பெரியவர். முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, பாதம் பலகையைப் பிடித்து விழுந்தது. பலகை துள்ளியது. தோள் மட்டும் அசையவே இல்லை. மூட்டை காற்றில் மிதப்பது மாதிரி மேலேறி வந்தது. கீழே சிங்கம், மேலே காவடி. ஒன்றுக்குப் பின் ஒன்றாக இல்லை, ஒரே நேரத்தில், ஒரே உடம்பில்.

அவருக்குப் பின்னால் ஒரு பர்மியர் வந்தார். அதற்குப் பின்னால் வந்தவரைப் பார்த்து என்ன இனம் என்று சொல்ல முடியவில்லை. எல்லோரும் அதே நடைதான் நடந்தார்கள். பலகைக்கு வேறு நடை தெரியாது.

பெரியவர் மூட்டையை இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்தபோது ரூபா ஓடிப்போய் நின்றாள். பெயர் பீர் முகைதீன் என்று அப்பா பின்னால் சொன்னார்.

"ஐயா, நீங்க நடக்கிற மாதிரி நான் ஒரு ஆட்டம் ஆடலாமா?"

அவர் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் பொக்கைவாய் தெரியச் சிரித்தார். "தண்ணிக்குள்ள விழாம இருக்கறதுக்கு நடக்கிறோம். இதைப் போய் ஆட்டங்கிறியே தாயி. ஆடிக்கோ, ஆடிக்கோ. முட்டி போயிரும், பார்த்துக்கோ."

அன்றிலிருந்து ரூபா பகலில் பயிற்சிக்கும் போய், மாலையில் வீட்டு முன்னறையில் அதையே பழகினாள். தலையணை உறையில் அரிசி நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு, முழங்காலை மடித்து, சுவர் முதல் சுவர் வரை. மேல்பாதியைப் பிடித்தால் கீழ்ப்பாதி நழுவியது. காலை ஊன்றினால் தோள் குலுங்கியது. இரவு முழங்காலுக்கு அப்பா நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார்.

மூன்றாம் நாள் அவள் நடந்துகொண்டிருக்கும்போது அடுக்களையிலிருந்து ஒரு சத்தம். டக். டக்கடக்க, டக். அமே மாவு உருட்டும் கட்டையால் மேசையைத் தட்டினாள். ரூபா நிற்காமல் நடந்தாள். தட்டு வேகமெடுத்தது. பாதம் அதற்குள் விழுந்தது. அதுவரை நழுவிக்கொண்டிருந்த இடுப்பு தன்னால் தன் இடத்தில் உட்கார்ந்தது. மூச்சு வாங்க அவள் நின்றபோது அமே அடுக்களை வாசலில் நின்றாள். கை முழங்கை வரைக்கும் மாவு.

"இரண்டாவது அடியில அவசரப்படறே" என்றாள். பிறகு, "அவன் கடையை எத்தனை மணிக்கு மூடுறான்?" என்றாள்.

மறுநாள் அமே நல்ல லோஞ்ஜி கட்டி, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, ஒரு பொட்டலம் பவுசியோடு கிளம்பினாள். ரூபாவும் கூடப் போனாள். கடை வாசலில் நின்றதும் அவளுடைய அண்ணன் எழுந்தார். உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது.

"கேக்கணும்னா நான் வரணும்னு சொன்னியாமே" என்றாள் அமே. பர்மியத்தில் பேசினாள், மகளுக்கும் புரியட்டும் என்று. "வந்திருக்கேன். கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. அப்பா செத்த அன்னைக்கு நான் எதிர்ச்சாரியில நின்னதைப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"பின்னே?"

அவர் ஊதுபத்திக் கட்டு ஒன்றை எடுத்து நகர்த்தி வைத்தார். "கூப்பிட வந்தேன். வாசல் வரைக்கும் வந்தேன். பெரியவங்க எல்லாம் உக்காந்திருந்தாங்க. கூப்பிட வாய் வரலை. வெளியே எட்டிப் பார்க்கும்போது நீ போயிட்டே. அப்புறம் ஒவ்வொரு வருஷமும், அடுத்த வருஷம் போகலாம்னு நினைச்சேன்."

அமே அழவில்லை. பவுசிப் பொட்டலத்தைக் கல்லாமேசை மேல் வைத்தாள். "ஆறிடும். சாப்பிடு" என்றாள்.

அவர் ஒன்றை எடுத்துப் பிட்டார். மென்றார். "அம்மா பக்குவம்" என்று மட்டும் சொன்னார். பிறகு இரண்டு பேரையும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சங்கத்துக் கூடத்தில் முரசு சிவப்புத் துணி போர்த்தி இருந்தது. துணியை விலக்கி, கோல்களை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார்.

"அடி பார்க்கலாம்."

அமே அடித்தாள். முதலில் பயந்து பயந்து, பிறகு பயமில்லாமல். அவர் ஒரு இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அங்கே மூணு. நீ ரெண்டுதான் அடிச்சே."

"ரெண்டுதான். அப்பா ரெண்டுதான் அடிப்பார்."

"மூணு."

"நீ எப்பவும் தப்பாத்தான் அடிச்சே, அதனாலதான் உனக்கு மூணு."

இரண்டு பேரும் சீனத்துக்கு மாறிச் சத்தம் போட்டார்கள். ரூபாவுக்குப் பாதிகூடப் புரியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து மீதிப் பவுசியைத் தின்றாள். கடைசியில் மாமா அவள் பக்கம் திரும்பினார்.

"நடையை ஆடிக்கோ. ஆனா முரசு இந்தக் கட்டடத்தைவிட்டு வெளியே போகாது. புத்தாண்டுக்கு மட்டும்தான். அது சட்டம்."

போதும் என்றுதான் ரூபா நினைத்தாள். முரசுக்குப் பதில் வீட்டு மேசையையே கொண்டுபோவதென்று அமேயும் அவளும் பேசிக்கொண்டார்கள்.

ஆட்டம் சாயங்காலம் நாலு மணிக்கு. மின்சாரம் எப்போது போகும் என்று சொல்லமுடியாது என்பதால் வெளிச்சத்திலேயே முடித்துவிடுவதாகத் திட்டம். கூடத்தில் ஐம்பது அறுபது பேர் பாய்களில் உட்கார்ந்திருந்தார்கள். சொக்கன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சுவரோரமாக நின்றார். உட்காரச் சொன்னால், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். ரூபாவின் முறைக்கு இரண்டு பேர் முன்னால் வாசலில் ஒரே கூச்சல். காவலாளி ஒரு சைக்காவை மறித்துக்கொண்டிருந்தான். சைக்காவில் ஆள் உட்காரும் இடத்தில் முரசு இருந்தது. பின்னால் லிம் ஹோக் வியர்த்து வழிய நடந்து வந்தார்.

அமே அவரைப் பார்த்தாள். "சட்டம்னு சொன்னே?"

"நான்தான் தலைவர்" என்றார் அவர். "தப்பா அடிச்சா ஊர்ல என் பேர் கெடும். அதைப் பார்த்துக்கத்தான் வந்தேன்."

ரூபா சத்தமில்லாமல் தொடங்கினாள். வெறுந்தரை, வெறுங்கால், தோளில் ஒன்றுமில்லாத ஒரு பாரம். சுவரிலிருந்து நடுக்கூடத்துக்கு ஒரு பலகை இருப்பது மாதிரி அதில் ஏறினாள். ஓரிடத்தில் பலகை துள்ளியது. பார்த்தவர்களில் யாரோ "ஐயோ" என்றார்கள். அவள் விழவில்லை. அப்போது முரசு சேர்ந்தது. தரை அதிர்ந்தது. கால் தாழத் தாழ, தோள் அசையாமல் நின்றது. அவள் யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை என்பது அவளுக்கே பாதியில்தான் தெரிந்தது.

நடுவில் முரசு நின்றுபோயிற்று. அமே தாளத்தை மறந்துவிட்டாள். கோல்கள் அந்தரத்தில் நின்றன, முகம் வெளிறிவிட்டது. ரூபா ஒற்றைக் காலில், முழங்கால் மடங்கியபடி நின்றாள். தொடை நடுங்கியது. காலை இறக்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. அவள் இறக்கவில்லை. காத்திருந்தாள். கூடமே அவளோடு காத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா வாயசைத்து ஏதோ சொன்னார். அமே ஒருமுறை மூச்சை இழுத்தாள். முரசு விழுந்தது. இரண்டா மூன்றா என்று ரூபா எண்ணவில்லை. கால் தானே போய் அதில் விழுந்தது.

முடிந்ததும் கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. மார்லின் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "நின்ன பாரு, அந்த இடம்" என்றாள், மா மியா மொழிபெயர்க்க. "அதை நான் எங்க ஊர்ல போய்ச் சொல்லுவேன்." நிலையத்துக்காரர்கள் வாரத்தில் இரண்டு காலைகள் கூடத்தைத் தர ஒத்துக்கொண்டிருப்பதாகவும் மா மியா சொன்னாள். கூட ஆடிய மூன்று பெண்கள் தாங்களும் வருகிறோம் என்றார்கள். கோ அவுங்கின் நிகழ்ச்சிகளும் தொடரத்தான் செய்யும், வீட்டுக்கு அது வேண்டும். ஆனால் இனி அது ஒன்றுதான் ஆட்டம் என்று இல்லை.

முரசைச் சைக்காவில் ஏற்றி அனுப்பிவிட்டு நாலு பேரும் மூலைக்கடையில் டீ குடிக்கப் போனார்கள். குட்டை மேசை, குட்டை முக்காலிகள். சொக்கனும் லிம் ஹோக்கும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முப்பது வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். இருவரும் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் லிம் ஹோக்தான் தொண்டையைச் செருமினார். "உங்க பாஷையில, பெண்டாட்டியோட அண்ணனை எப்படிக் கூப்பிடுவாங்க?"

சொக்கன் நிமிர்ந்தார். "மச்சான்."

"தங்கச்சி புருஷனை?"

"அதுவும் மச்சான்தான். ரெண்டு பக்கமும் ஒரே வார்த்தை."

"ரெண்டு பேருக்கும் ஒண்ணா?" அவர் அதை நம்பாதவர் மாதிரித் தங்கையைப் பார்த்தார். அமே ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். "மசாங்" என்றார் வெளியே.

ரூபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ மூக்கில் ஏறி இருமினாள்.

"மச்-சான்" என்றார் சொக்கன், பொறுமையாக.

"மச்சாங்."

"போதும், அது போதும்" என்றார் சொக்கன். அவர் கண் கலங்கியிருந்தது. கடைக்காரனைப் பார்த்துக் கையை உயர்த்தி, தனக்கும் மச்சானுக்கும் இன்னொரு டீ சொன்னார்.